ஹிக்கின்ஸ் பாகவதர்

(நமது ஆரியசாலை நிருபர்)

பாகவதர் என்ற பட்டம் லேசில் ஒருவருடைய பெயரோடு ஒட்டிக்கொள்ளும் பட்டமல்ல. செம்பை வைத்தியநாத பாகவதரை மலையாளிகளும் தமிழர்களும் போட்டி போட்டுக்கொண்டு தங்களவர் என்று சொல்லிக்கொள்வார்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இதே திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் சங்கீத அகாடமிக்கு முதல் தலைவராக இருந்தவர். இத்தகைய பெரியவர்களின் பெயருக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சொல், ஓர் அமெரிக்கரின் பெயருக்குப் பின்னாலும் வந்து நின்றது. ஜான் ஹிக்கின்ஸ் என்ற அவரை ரசிகர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தார்கள். ஆரம்பத்தில் அதில் சிறிது வேடிக்கையும் கலந்திருக்கலாம். நாளடைவில் வேடிக்கை போய் மரியாதை மட்டும் நின்றுவிட்டது.

அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சாலைக் கடைத்தெருவில் மாலை நேரத்தில் பழைய பாட்டுக் கேட்கும் பெரியவர்களுக்கு அவரைத் தெரியும். இளைஞர்கள் பலருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர் ஒருவர் நம் பாட்டைப் பாடினார் என்ற அளவில் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அவ்வளவு மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அந்த மனிதருக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

ஜான் போர்த்விக் ஹிக்கின்ஸ் 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை அவ்வூரிலுள்ள பிலிப்ஸ் அகாடமி என்ற பழம்பெரும் பள்ளியில் ஆசிரியர். மகனும் அங்கேயே படித்தார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1962இல் இசையிலும் சரித்திரத்திலும் பட்டம் பெற்றார். 1964இல் இசையியலில் எம்.ஏ. முடித்தார். அவருக்கு நல்ல கனத்த குரல். மேலைநாட்டுச் சங்கீதத்தை முறைப்படி பாடத் தெரிந்தவர். அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் தம் நாட்டில் கௌரவமான ஒரு பாடகராகவும் பேராசிரியராகவும் வாழ்ந்திருப்பார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பறை. ராபர்ட் பிரவுன் என்ற பேராசிரியர் அங்கே இருந்தார். 1950களின் கடைசியில் சென்னைக்கு வந்து மிருதங்கம் கற்றுக்கொண்டு போனவர் அவர். பிற நாட்டு இசையைப் புத்தகத்தில் படித்தால் போதாது, அந்தந்த நாட்டு வித்வானை அழைத்து வந்து அவர் எதிரே உட்கார்ந்து கற்க வேண்டும் என்பது பிரவுனின் கொள்கை. அப்படி அழைக்கப்பட்டு வெஸ்லியனுக்குப் போனவர் மிருதங்க வித்வான் தி. ரங்கநாதன். 1963இல் அங்கே தங்கிக் கற்பிக்கும் கலைஞராக அவர் நியமனம் பெற்றார். இந்த வகுப்புகளில்தான் ஹிக்கின்ஸுக்கு நம் சங்கீதம் அறிமுகமாயிற்று.

ரங்கநாதன் யார் என்று இங்கே சொல்லியாக வேண்டும். வீணை தனம்மாளின் பேரர் அவர். பரதநாட்டியத்தில் ஈடு இணையற்று விளங்கிய பாலசரஸ்வதி அவருடைய தமக்கை. புல்லாங்குழல் வித்வான் தி. விஸ்வநாதன் அவருடைய தம்பி. தாயார் ஜெயம்மாள் பெரிய பாடகி. தனம்மாள் 1938இல் காலமானவர். சென்னையில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலையில் வீணை வாசிப்பதைக் கேட்க அக்கால வித்வான்கள் வந்து அடக்கமாக உட்கார்ந்திருப்பார்களாம். அவசரம் என்பதே அந்த வீட்டுச் சங்கீதத்தில் கிடையாது. ஆரவாரமும் கிடையாது. க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களையும் தமிழ்ப் பதங்களையும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள பாவம் வெளிப்படும்படி பாடுவது அந்தக் குடும்பத்தின் தனிச்சொத்து.

அது தேவதாசி மரபில் வந்த குடும்பம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாட்டியத்தை ஒழிக்க வேண்டும் என்று இயக்கம் நடந்த காலத்தில்தான் பாலசரஸ்வதி ஆடத் தொடங்கினார். அந்த வீட்டுக் கலையை வியந்த பலரும் அந்த வீட்டு மனிதர்களைத் தள்ளியே வைத்திருந்தார்கள். 1973இல் சென்னை மியூசிக் அகாடமி பாலாவுக்கு சங்கீத கலாநிதி விருது அளித்தது. நாட்டியக் கலைஞர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அதற்கு முன் அவர் பட்ட பாடுகள் கொஞ்சமல்ல. வெளியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார இளைஞருக்குக் கதவைத் திறந்துவிட்டது இப்படிப்பட்ட வீடு. கௌரவம் என்று ஊரார் சொல்லும் சொல்லின் பெறுமதி என்ன என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா?

ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளம் பெற்று 1960களின் நடுவில் ஹிக்கின்ஸ் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையில் தலைவராக இருந்த விஸ்வநாதன் அவருக்குக் குருவானார். விஸ்வநாதன் புல்லாங்குழல்காரர் என்றாலும் பாட்டும் தெரிந்தவர். நடுவில் குழலை எடுத்துவிட்டுப் பாடிக் காட்டுவது அவருடைய வழக்கம். வாசிப்பவன் சாகித்தியத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துப் பாடம். எனவே குழல் வித்வானிடம் போய் வாய்ப்பாட்டுக் கற்றாரே என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அவர் கற்றுக்கொண்டது எவ்வளவு கடினமான விஷயம் என்பதை, சங்கீதம் அதிகம் தெரியாத என் போன்றவர்களுக்கும் விளங்கும்படி கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன். மேலைநாட்டுப் பாடகர் கையில் அச்சிட்ட தாள் இருக்கும். எந்த ஸ்வரம், எத்தனை நேரம், எவ்வளவு உரக்க என்பதெல்லாம் அதில் குறித்திருக்கும். நம் சங்கீதத்தில் எழுதி வைப்பது எலும்புக்கூடு மாத்திரம். உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் எப்படி அசைகிறது என்பதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஸ்ரீ ராகத்தை எடுத்துக்கொள்வோம். ஏறும்போது அதில் காந்தாரம் கிடையாது. இறங்கும்போதும் ரி-க-ரி-ஸ என்ற பிடியில்தான் அது தலை காட்டும். அந்தக் காந்தாரத்தைப் பியானோக் கட்டையில் தட்டிக் காட்ட முடியாது. ராகம் தெரிந்தவர் பாடினால்தான் அது வரும்.

குரல் விஷயம் இன்னொன்று. மேலைநாட்டு முறையில் பழகிய தொண்டை, நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை ஒரே சீராக நடுங்க விடும். அங்கே அது அழகு, இங்கே அது சுருதிக்குப் பகை. இருபது வயது வரை பழகியதை மறந்து, வேறு விதமாகத் தொண்டையைப் பழக்குவது முதலிலிருந்து கற்பதைவிடக் கடினம். அதற்கும் மேல் மொழி. தெலுங்கு, தமிழ், கன்னடம், சமஸ்கிருதம் ஆகிய நான்கையும் ஆங்கிலம் பழகிய நாக்கால் சொல்ல வேண்டும். குறில் நெடில் பேதம் தாளத்தையே பாதிக்கும். நம் தமிழ்ப் பாடகர்களில் சிலர் தெலுங்குக் கீர்த்தனைகளைச் சிதைப்பதாகத் தெலுங்கர்கள் இன்றுவரை குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஹிக்கின்ஸின் இசைத்தட்டைக் கேட்பவர்கள் அவருடைய உச்சரிப்பில் ஆங்கில வாடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வந்த கொஞ்ச காலத்துக்குள்ளேயே திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் அவர் பாடினார். காவிரிக்கரையில், பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவழித்துக் கட்டிய சமாதி எதிரே, பந்தலில் கூடியிருந்த வித்வான்கள் முன்னிலையில், வேட்டி கட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்த இளைஞர் பாடியது பெரும் செய்தியாகப் பரவியது. பலத்த வரவேற்பு. அதற்குப் பிறகு சபாக்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். எச்.எம்.வி. நிறுவனம் அவருடைய பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. ஸ்ரீ ராகத்தில் தியாகராஜர் இயற்றிய பஞ்சரத்தினக் கிருதியான எந்தரோ மகானுபாவுலு அவர் குரலில் பலருக்கும் பிரியமானதாயிற்று. அதைவிடவும் பிரசித்தி பெற்றது யமுனா கல்யாணியில் அமைந்த கிருஷ்ணா நீ பேகனே என்ற கன்னடப் பாட்டு. பாலசரஸ்வதி அபிநயம் பிடித்துப் புகழ் பெற்ற பாட்டு அது. அந்த வீட்டில் பாடுகிற மெதுவான காலத்திலேயே ஹிக்கின்ஸும் பாடினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பாட்டுக் கச்சேரி என்பது பாடகர் ஒருவருடைய கச்சேரி. பெயர் அவருடையது, பொறுப்பும் அவருடையது. ஆனால் அவர் தனியாகப் பாட முடியாது. அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம், பின்னால் தம்பூரா. ஒத்திகை என்ற பழக்கம் நம் மேடையில் அநேகமாக இல்லை. பல கச்சேரிகளில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் சந்தித்துக்கொள்வதே மேடையேறுவதற்குச் சற்று முன்னால்தான். பாடகர் ராகத்தைத் தொடங்கியதும் வயலின்காரர் நிழல் போலத் தொடர்வார். நிரவலில் இவர் ஒன்று சொன்னால் அவர் திருப்பிச் சொல்வார். கல்பனா ஸ்வரத்தில் கணக்குப் போட்டு எடுப்புக்குச் சரியாக வந்து சேர வேண்டும். தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரர் என்ன விஷமம் செய்தாலும் பாடகர் கையில் தாளம் அசையாமல் இருக்க வேண்டும். அரை அட்சரம் தவறினால் முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ரசிகர் ஏறிட்டுப் பார்ப்பார்.

சொந்த நாட்டில் தாளைப் பார்த்துப் பாடப் பழகிய மனிதர், மற்றொரு நாட்டு வித்வான்களை இரு பக்கமும் வைத்துக்கொண்டு, அவர்களை வழிநடத்தி மூன்று மணி நேரம் கச்சேரி செய்ய வேண்டியிருந்தது. பக்கவாத்தியக்காரர் ஒருவர் மனம் வைத்தால் புதியவரைத் தூக்கி நிறுத்தலாம், மனம் வைத்தால் கவிழ்த்தும் விடலாம். நம்மவர்களையே கவிழ்த்த கதைகள் நிறைய உண்டு. அவர்கள் நடுவே ஹிக்கின்ஸ் நிலைத்து நின்றார் என்றால் அது வெறும் விருந்தோம்பலால் நடந்திருக்க முடியாது. கணக்கும் ஞானமும் இல்லாதவரை எந்த மிருதங்க வித்வானும் பல வருஷம் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

அவர் பக்கத்தில் இருந்த வயலினும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரரோடு கப்பலில் வந்து இறங்கியதுதான். திருவனந்தபுரத்துக்காரர்களாகிய நமக்கு இதைச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு 1810இல் பிறந்தவர். தஞ்சையிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபைக்கு வந்தார். அவருடைய வயலின் வாசிப்பில் மகிழ்ந்த மகாராஜா 1834இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வடிவேலு சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வயலின் கற்றதாகச் சிலர் எழுதுகிறார்கள். பாதிரியார் காலமானது 1798இல் என்பதால் அந்தக் கதை நிற்காது. வேறு ஐரோப்பியர் யாரோ கற்பித்திருக்க வேண்டும். எப்படியோ, அந்நிய வாத்தியம் சம்மணமிட்டு உட்கார்ந்தது, ஸ-ப-ஸ-ப என்று சுருதி மாற்றிக்கொண்டது, கமகம் கற்றது. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

மேடையில் யார் உட்காரலாம் என்ற கேள்வியும் நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் எல்லை தாண்டி இங்கே எழுந்தருளுகிறார்கள். 1956இல் அந்த ஊர்களெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னரும் இது நிற்கவில்லை. குமாரசுவாமி தங்குவது நமது ஆரியசாலை தேவி கோயிலில்தான். கோட்டைக்குள் சரஸ்வதி தேவி கொலுவிருக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி நடக்கும். விளக்கொளியில், கைதட்டல் இல்லாமல், பாட்டு மட்டும் கேட்கும். அந்த மண்டபத்தில் ஒரு பெண்மணி பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். எண்பது வயதைக் கடந்த அவருடைய வித்வத்துக்கு அதற்கு முன் என்ன குறை இருந்தது?

ஹிக்கின்ஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உடுப்பிக் கதை ஒன்று சொல்வார்கள். உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலுக்குள் அவரை அனுமதிக்கவில்லையாம். அவர் வெளியே நின்று கிருஷ்ணா நீ பேகனே பாடினாராம். கேட்டவர்கள் உருகி உள்ளே அழைத்துப் போனார்களாம். இந்தக் கதையை இரண்டு மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். அதே கோயிலில் கனகதாசருக்காகக் கிருஷ்ணன் திரும்பிச் சுவரின் துவாரம் வழியே காட்சி தந்த பழைய கதையோடு இது மிகவும் ஒட்டிப் போகிறது. ஆகவே நடந்தது எவ்வளவு, பின்னால் சேர்ந்தது எவ்வளவு என்று பிரிப்பது சிரமம். ஆனால் அத்தகைய கதை ஒன்று ஜனங்களுக்குத் தேவைப்பட்டது என்பது மட்டும் நிச்சயம். கதவுக்கு வெளியே நிற்க வைத்தோம் என்ற உறுத்தல் எங்கோ இருந்திருக்கிறது.

அவருக்குக் கிடைத்த பாராட்டுகளிலும் அப்படி ஓர் உறுத்தல் உண்டு. வெள்ளைக்காரராக இருந்தும் எவ்வளவு நன்றாகப் பாடுகிறார் என்றே பெரும்பாலோர் மெச்சினார்கள். கேரளத்தில் வேலை பார்க்கும் நமக்கு இதன் ருசி தெரியாதா? மாற்றலாகி வந்து, மலையாளம் படித்து, டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பத்து வருஷம் பேசிய பிறகும், தமிழராக இருந்தும் நன்றாக மலையாளம் பேசுகிறீர்களே என்று ஒரு நல்ல மனிதர் பாராட்டுவார். அவர் மனதில் கள்ளம் இல்லை. நாமும் சிரித்து நன்றி சொல்வோம். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையில் நம்மை மறுபடி வாளையாறுக்கோ களியக்காவிளைக்கோ அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். ஹிக்கின்ஸுக்கும் இது தினசரி நடந்திருக்கும். சங்கீதத்தில் வெள்ளைக்காரருக்கென்று தனி மார்க்குக் கிடையாது. சுருதி சேர்ந்ததா, ராகம் ராகமாக இருந்ததா, சாகித்தியம் சிதையாமல் வந்ததா என்ற இவைதான் கேள்விகள். அந்தக் கேள்விகளை அவரிடம் கேட்கலாம், பதில் இசைத்தட்டில் இருக்கிறது. ராகத்தின் வேகப் பிருகாக்களில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு என்று சொன்னால் அதில் தப்பில்லை. நிதானமான பதங்களில் அவரளவு பொறுமையோடு பாடியவர்கள் அதிகம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1966இல் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்க வந்தார். அடுத்த வருஷம் மான்டெரி விழாவில் ரவிசங்கர் வாசித்தார். மேலைநாட்டு இளைஞர்கள் நம் பக்கம் திரும்பிப் பார்த்த காலம் அது. பலர் வந்தார்கள், கொஞ்ச நாள் இருந்தார்கள், மோகம் தீர்ந்ததும் போய்விட்டார்கள். ஹிக்கின்ஸ் அந்த அலைக்கு முன்பே வந்தவர், அலை வடிந்த பிறகும் நின்றவர். அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளராக மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். பாலசரஸ்வதியின் நாட்டிய இசையை ஆராய்ந்து 1973இல் வெஸ்லியனில் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் எழுதியதைத் தாமே பாடிக் காட்டக்கூடிய ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பேர்?

1971இல் கனடாவின் டொரோன்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசைக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அதில் அவருக்குத் தோள் கொடுத்தவர் திருச்சி சங்கரன். பழநி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர், அப்போதே பேர் பெற்ற மிருதங்க வித்வான். முப்பது வயது கூட ஆகாத அவர், வருஷத்தில் பல மாதம் பனி மூடும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். குளிரும் வறண்ட காற்றும் தோல் வாத்தியத்துக்கு ஒத்துக்கொள்ளாது. மிருதங்கத்தின் தோலும் வாரும் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். நம்மில் வளைகுடாவுக்குப் போனவர்கள் வெயிலோடு பட்ட பாட்டை அவர் பனியோடு பட்டிருப்பார். இரண்டு பேருமாகக் கனடாப் பிள்ளைகளுக்கு ஸரிகமவும் தகதிமியும் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே கச்சேரி நடந்தபோது சொந்தக் கண்டத்துக்காரர் பாட்டு, அயல்நாட்டிலிருந்து வந்தவர் மிருதங்கம். சென்னையில் நடந்தது அப்படியே இடம் மாறியது.

இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஹிக்கின்ஸ் இங்கே வந்து புகழ் வாங்கிக்கொண்டு போனதோடு கதை முடியவில்லை. அவரும் பிரவுனும் போட்ட பாதையில் நம் வித்வான்களுக்கு அங்கே மாதச் சம்பளத்தோடு, பேராசிரியர் என்ற அந்தஸ்தோடு இடம் கிடைத்தது. ரங்கநாதனும் விஸ்வநாதனும் வெஸ்லியனில் ஆண்டுக்கணக்கில் கற்பித்தார்கள். விஸ்வநாதன் 1975இல் அங்கேயே டாக்டர் பட்டமும் பெற்றார். குருவும் சீடரும் ஒரே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்கள், சீடர் இரண்டு வருஷம் முன்னால்!

1978இல் ஹிக்கின்ஸ் வெஸ்லியனுக்கே திரும்பினார். இசைப் பேராசிரியர் பதவியோடு அங்குள்ள கலை மையத்தின் இயக்குநர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. மேலைநாட்டு இசையையும் அவர் கைவிடவில்லை. ஒன்றைக் கற்க மற்றதைத் தூக்கி எறிய வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. நிர்வாக வேலையின் நடுவிலும் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி சென்னையில் பாலசரஸ்வதி காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, சென்னையில் சங்கீத சீசனுக்கு சபாக்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்த சமயம், அமெரிக்காவில் ஹிக்கின்ஸ் மீது ஒரு கார் மோதியது. மோதியவர் நிற்காமல் போய்விட்டார். ஹிக்கின்ஸ் உயிரிழந்தார். வயது 45. நம் சங்கீதத்தில் பாடகருக்கு நாற்பதுக்கு மேல்தான் குரலும் ஞானமும் ஒன்று சேரும் என்பார்கள். செம்மங்குடியும் செம்பையும் எழுபது வயதிலும் பாடியதைக் கேட்டவர்களுக்கு, ஹிக்கின்ஸ் போகாமல் இருந்திருந்தால் என்ன பாடியிருப்பார் என்ற நினைப்பு வராமல் போகாது.

மூன்று வருஷம் கழித்து 1987இல் ரங்கநாதன் போனார். விஸ்வநாதன் 1988இல் சங்கீத கலாநிதி ஆனார், 2002இல் காலமாகும் வரை வெஸ்லியனில் கற்பித்துக்கொண்டிருந்தார். டொரோன்டோவில் திருச்சி சங்கரன் பல பத்தாண்டுகள் பணியாற்றி, 2011இல் அதே விருதைப் பெற்றார். ஹிக்கின்ஸின் ஆராய்ச்சி, பரதநாட்டியத்தின் இசை என்ற பொருளில் 1993இல் புத்தகமாக வெளிவந்தது. இசைத்தட்டில் இருந்த பாட்டு காசெட்டுக்கு வந்து, இப்போது கைபேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் கிருஷ்ணா நீ பேகனேயில் தொடங்கலாம். பாடுகிறவர் யார் என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவது நல்லது.